சனிக்கிழமை தமான் நெகாரா பயணம்: எல்லாரும் படித்துவிடுங்கள்

நண்பர்களே, காலை 7 மணிக்கு கோலாலம்பூரிலிருந்து தமான் நெகாரா தேசியப் பூங்காக் காட்டுக்கு வேன் கிளம்பும். ஜெராண்டுட் தாண்டி கோலா தெம்பெலிங் படகுத்துறை. அங்கிருந்து பூங்காவின் நுழைவாயிலான கோலா தஹானுக்கு சாலையும் உண்டு, ஆனால் நாம் நீளப் படகில்தான் போகிறோம். ஆற்றில் சுமார் 60 கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரம். அந்தக் காட்டை அப்படித்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

13 கோடி ஆண்டுப் பழைய மழைக்காடு என்கிறார்கள். மழை பெய்தால் அட்டைப்பூச்சி நிச்சயம். முழங்கால்வரை காலுறை, முழுக்கால் சட்டை, மாற்றுச் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். கைப்பேசிக்கு பிளாஸ்டிக் உறை, சில்லறை ரிங்கிட்டும் வேண்டும்.

அப்புறம், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள்.