காட்சி இல்லாத நாளில் ஒரு நாடக அரங்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் வெள்ளிக்கிழமை காலை நம் ஊரின் பழைய நாடக அரங்குக்கு அழைத்துச் செல்கிறோம். "அன்றைக்கு அங்கே நாடகமே இல்லையே, காலி அரங்கில் என்ன பார்ப்பார்கள்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். காலியாக இருக்கும் நாளைத் தேடித்தான் கேட்டு வாங்கினேன். நாடகம் நடக்கும்போது கண் கதையை விட்டு அகலாது. கதைக்குப் பின்னால் இருப்பது தெரியாது.

போன வாரம் வகுப்பாசிரியரும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மேடை சமதளமாக இல்லை, பார்வையாளர் பக்கம் மெல்லச் சரிகிறது. பின்னால் நிற்கும் நடிகரும் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் படுதாக்கள் ஏறி மறைவதற்கென்றே உயரமான வெற்றிடம். கயிற்றின் மறுமுனையில் ஈடான எடை தொங்குவதால் கனத்த படுதாவை ஒருவரே ஏற்றிவிடுகிறார். கரும்பலகையில் நாங்கள் வரைந்து காட்டும் அதே கப்பிதான்! சுவீடனில் 1766-இல் கட்டிய ட்ரோட்னிங்ஹோம் அரங்கில் அன்றைய மர இயந்திரங்களை இன்றும் கையால் இயக்குகிறார்கள். அதைப் பற்றி வகுப்பில் முன்னதாகவே சொல்லப்போகிறோம்.

மாடத்தின் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்துகொள்ள, வகுப்பாசிரியர் மேடையில் நின்று சாதாரணக் குரலில் பேசினார். ஒலிபெருக்கி இல்லை, ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. ஆகவே பிள்ளைகள் ஒவ்வொருவரும் மேடையேறி ஒரு வரியாவது சொல்லப்போகிறார்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் நான்கைந்து பேரை மனத்தில் வைத்துத்தான் இதைச் சேர்த்தேன். எந்த வரி என்பதை வீட்டில் உங்களோடு பேசி முடிவு செய்யட்டும்.

இன்னொன்றையும் காட்ட விரும்புகிறேன். அரங்கின் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கின்றன. சிகாகோவின் இரோக்வா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று பிற்பகல் காட்சியின்போது தீப்பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். பூட்டிய கதவுகளும் உள்பக்கமாகத் திறக்கும் கதவுகளும் அவர்களை வெளியேற விடவில்லை. அதன் பிறகுதான் பல ஊர்களில் அரங்க விதிகள் கடுமையாயின. திரும்பி வந்ததும் நம் பள்ளி மண்டபத்தின் கதவுகளை நானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு கதவுகள் உள்பக்கமாகத் திறக்கின்றன. மாற்றச் சொல்லிவிட்டேன்.

கைபேசி வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும், வரைந்துகொண்டு வரட்டும். உடன் வர ஐந்து பெற்றோர் தேவை. மாடத்துக்குப் போகும் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. ஏறுவதில் சிரமமுள்ள பிள்ளை இருந்தால் எனக்கு எழுதுங்கள். மேடைக்குத் தரைமட்டமாகவே பின்வாசல் இருக்கிறது. அந்தப் பிள்ளையோடு நான் அவ்வழியாக வருவேன். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்