தவறான ஃபூயல் பிரஷர் ரெகுலேட்டர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடையில் கவுண்டரில் நிற்பவர் முதல் முதலாளி வரை தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். அடுத்த கடிதம் மலாயில் இருக்கும். அது உங்களுக்கு வராது, மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகும். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

என்னுடையது 1971 டாட்சன் 240 இசட். 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்.யூ. வகை இரட்டைக் கார்பரேட்டர். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு ஆர்டர் கொடுத்தபோதே இதைச் சொன்னேன், வாட்ஸ்அப்பில் எழுதினேன், எஞ்சின் படமும் அனுப்பினேன். "ஓகே அங்கிள், இசட்தானே, ஸ்டாக் இருக்கு" என்று பதில் வந்தது. வந்து சேர்ந்ததோ 280 இசட் ரெகுலேட்டர்.

இரண்டும் டாட்சன், இரண்டும் இசட் என்பது வரைக்கும் சரி. 280 இசட் 1975 மாடலாக வட அமெரிக்காவுக்கென்று வந்த வண்டி. அதில் கார்பரேட்டரே கிடையாது, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். அதன் ரெகுலேட்டர் சுமார் 36 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தத்துக்குச் செய்தது. என் கார்பரேட்டருக்கு மூன்று, மூன்றரை போதும், நாலைத் தாண்டினாலே தகராறு. பத்து மடங்கு வித்தியாசம்! உதிரிப்பாகம் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

கிள்ளான் வெயிலில் நெரிசலில் நின்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி அணைந்துவிடும். 240 இசட் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பழைய தொல்லை இது. அதற்காகத்தான் டேங்க் பக்கத்தில் மின்சார பம்ப் வைத்தோம். அந்தப் பம்பும் உங்கள் கடையில் வாங்கியதுதான். பெட்டியின் மேலேயே 7 பி.எஸ்.ஐ. என்று அச்சடித்திருக்கிறது. அதை வாங்கியவன் கூடவே ரெகுலேட்டர் கேட்டால் எதற்குக் கேட்கிறான் என்று விற்கிறவருக்குத் தெரியாதா?

36 வந்தால்தான் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் வழியைத் திறக்கும் ரெகுலேட்டர், 7 தருகிற பம்புக்கு எப்படித் திறக்கும்? திறக்கவே இல்லை. பம்ப் தந்தது அத்தனையும் நேரே கார்பரேட்டருக்குப் போனது. கார்பரேட்டருக்குள் மிதக்கும் ஃப்ளோட் எவ்வளவு தூக்கினாலும், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வால் அந்த அழுத்தத்தைத் தடுக்க முடியவில்லை. ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டியது. இந்த எஞ்சினில் கார்பரேட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்கள் கவுண்டர் தம்பியிடம் கேளுங்கள். கொதிக்கிற புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு! என் ஃபோமேன் (மெக்கானிக்) ஓடிவந்து பேட்டரி வயரைக் கழற்றியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை என் மனைவிதான் எழுதிக்கொண்டிருப்பார், அதுவும் உங்களுக்கு இல்லை, போலீசுக்கு. பிளக் ஆறும் கருப்பாக நனைந்திருந்தன. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் எண்ணெயில் பெட்ரோல் வாடை. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, தவறு யாருக்கும் நடக்கும் என்றுதான் போன் செய்தேன். என்னால் இன்றுவரை விழுங்க முடியாதது அந்தப் போன்தான். எடுத்தவர் பெயர் சொல்லவில்லை. நான் முழுக்கச் சொல்லி முடித்ததும், "ரெகுலேட்டர் நல்லாத்தான் இருக்கு அங்கிள், உங்க பம்ப்புக்குத்தான் பவர் பத்தலை. இன்ஜெக்‌ஷன் பம்ப் வாங்கிப் போடுங்க, கரெக்டா 36 வரும்" என்றார். வரும்தான்! மூன்று கேட்கிற கார்பரேட்டருக்குள் 36 வரும்! இதைச் சொன்னதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "பேசாம வித்துட்டு ஒரு மைவி வாங்குங்க, நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஐயா, மைவி நல்ல கார்தான், என் மகளிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் நான் ஆலோசனை கேட்டுப் போன் செய்யவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிக் கேட்டேன்.

அப்புறம் வேறொன்று கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. இந்த முறை கார்பரேட்டர் ரெகுலேட்டர்தான். ஆனால் அடியில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை லேபிளில் 4.5 முதல் 9 வரை என்று இருந்தது. திருகாணியைக் கடைசி வரை தளர்த்தினாலும் நாலரைக்குக் கீழே இறங்காத ஜாதி. எனக்கு வேண்டியது 1 முதல் 4 வரை போகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஸ்பிரிங்தான் வேறு. அதனால்தானே லேபிள் ஒட்டுகிறார்கள்? அதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கூடவே அழுத்தம் காட்டும் ஒரு கேஜும் விற்றீர்கள், 0 முதல் 100 வரை. அதில் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே முள் நகர்வது கண்ணுக்கே தெரியாது. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுக்கச் சொல்கிற கதை. 0 முதல் 15 வரை உள்ள கேஜ் உங்கள் கண்ணாடி அலமாரியிலேயே இருந்ததை நான் பார்த்தேன்.

பார்த்தது எப்போது என்றால், வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நேரில் வரச் சொன்னீர்களே, அப்போது. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் மழையில் ஊர்ந்து வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. தொழுகை இடைவேளை. தொழுகைக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை, அந்த நேரம் பார்த்து வரச் சொன்னவரைத்தான் சொல்கிறேன். மூன்று மணி வரை கண்ணாடி வழியே அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்ததும் கிடைத்த பதில்: "அந்த சைஸ் ஜொகூர் கிளையில் இருக்கு அங்கிள், அடுத்த வாரம் போன் பண்றோம்." அந்தப் போன் இன்னும் வரவில்லை.

இதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒரு லட்சம் மலேசிய வெள்ளிக்குக் குறையாது. எஞ்சின் ஆயுள் பாதியாகிவிட்டது. என் மன உளைச்சலுக்கு விலை போட்டால் உங்கள் கடையையே விற்றாலும் பத்தாது. இருந்தாலும் நியாயமாகவே கேட்கிறேன்: இரண்டு ரெகுலேட்டர், கேஜ் இவற்றின் முழுப் பணம், எண்ணெய், ஃபில்டர், பிளக் செலவு, ஃபோமேன் கூலி. ரசீதுகளின் நகல் இணைத்திருக்கிறேன். அந்த மைவி தம்பி போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் பேரம் இல்லை.

பதினான்கு நாளுக்குள் பதில் இல்லையென்றால் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். மனுக் கட்டணம் வெறும் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், அங்கே வக்கீல் வைத்து வாதாட உங்களுக்கும் வழியில்லை. இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் என்ன வேலைக்குக் கேட்டேன் என்பது உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

உங்கள் கடையோடு எனக்குப் பழைய பழக்கம். நல்லபடியாக முடித்துக்கொடுத்தால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன். பொருட்கள் எல்லாம் பெட்டியோடு என் வீட்டில் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் இனிமேல் அங்கே சுமந்து வரப் போவதில்லை, பணம் கைக்கு வராமல் பெட்டியைக் கொடுக்கவும் போவதில்லை.

இப்படிக்கு,
கிள்ளான் வாடிக்கையாளர், 240 இசட்