தண்ணீருக்கு விட்ட இடம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் தூரிகையை எடுத்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எனக்கு மூட்டுவலிதான் கொஞ்சம் படுத்துகிறது, மற்றபடி நலம்.

மண்ணையும் நீரையும் வைத்தே செய்யும் கலை பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஹெர்பர்ட் பேயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் என்ற ஊரில் 1982-ல் அவர் அமைத்த வேலையின் படங்களைத் தேடிப் பார். புல் போர்த்த மேடுகள், வளையமாக ஒரு குளம், ஊடே ஓடும் ஓடை. சாதாரண நாளில் ஜனங்கள் உட்கார்ந்து பேசும் பூங்கா, பெருமழை வந்தால் அதே பள்ளம் வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல வெளியே விடும். மேட்டு நிலத்தில் வீடுகள் பெருகி மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் கீழே பாய்ந்ததால் வந்த தேவை அது. கான்கிரீட் தொட்டி ஒன்று கட்டி முடித்திருக்கலாம், கலைஞனைக் கூப்பிட்டார்கள் பார், அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ராபர்ட் ஸ்மித்சனின் 'ஸ்பைரல் ஜெட்டி' கதை வேறு மாதிரி. 1970-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரிக்குள் கறுப்புப் பாறையும் மண்ணும் கொட்டி, சுமார் 1,500 அடி நீளத்துக்குச் சுருளாக நீட்டினார். சில வருஷங்களிலேயே நீர்மட்டம் ஏறி அது மூழ்கிப் போனது. அவரும் 1973-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். 2002 வாக்கில் நீர் இறங்கி அந்தச் சுருள் வெளியே வந்தபோது கறுப்புப் பாறை முழுக்க வெள்ளை உப்பு. பார்க்க அழகுதான், ஆனால் ஏரிக்கு வரும் ஆற்றுநீரை வயலுக்கும் ஊருக்கும் திருப்பிவிட்டது, அதற்கு மேல் வறட்சி, எல்லாம் சேர்ந்து 2022-ல் ஏரி அதுவரை காணாத அளவுக்குக் கீழே போய்விட்டது. சுருள் இப்போது தரையில் கிடக்கிறது, தண்ணீர் தள்ளிப் போய்விட்டது. யாரும் பார்க்க முடியாமல் போனாலும் சரி, அது மூழ்கியே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், நீ ஏரி வரைவதாக எழுதியிருந்தாயே, மதகையும் சேர்த்து வரை. அழகைக் கெடுக்கும் என்று அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய தோழன்