செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி இனிப்பு வழங்கப்பட்டது. பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தது. மழைநீர் வடிகால் குறித்து மூன்று மனுக்கள் அளிக்கப்பட்டன. வடிகால் அப்படியே இருக்கிறது.

இவ்வாண்டு அதிகம் பேசப்பட்டதும், என்மீது அதிகம் குறை கூறப்பட்டதும் குடியை விட விரும்புவோர் நம் சங்கக் கட்டடத்தில் நடத்தும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியே என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தன் கணவர் மீண்டும் குடிக்காமல் இருக்கத் துணையாக அருகில் ஏதேனும் கூட்டம் நடக்கிறதா என்று ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார். அவர் எந்தத் தெரு என்பதைக்கூட நான் கூறப்போவதில்லை. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. அமைப்பின் குழுக்கள் நம் ஊரிலும் இயங்குகின்றன. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரும் தகுதி, சந்தா கிடையாது. (இவ்வரியைப் படிக்கையில் நம் உறுப்பினர் சிலர் முகம் மலரக்கூடும்.)

அப்பெண்மணியின் கணவரை ஏதோ ஒரு கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதலில் சென்ற ஞாயிறு காலைக் கூட்டம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. அவர் மரியாதைக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தமிழில்தான் நடந்தது என்றாலும், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்ததோடு, இறங்கும் நிறுத்தத்திற்கு எதிரிலேயே டாஸ்மாக் கடை இருந்தது. மூன்றாவது, குடிநோயாளிகள் மட்டுமே அமரக்கூடிய மூடிய கூட்டம் என்பதை அங்கே போன பிறகே அறிந்தேன். ஒன்றரை மணி நேரம் பள்ளிக்கூடப் படிக்கட்டில் கொசுக்கடியில் காத்திருந்தேன். நான்காவது, எவரும் வரக்கூடிய திறந்த கூட்டம். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசினார். அங்கே கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பதால் அவர் பேசியதை எழுதவில்லை. என்னுடன் வந்தவர் கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை அதைக் குடிக்க மறந்திருந்தார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மதுக்கடை பகல் 12 மணி முதல் இரவு 10 மணிவரை திறந்திருக்கும் ஊரில், வேலை முடிந்து வரும் ஏழு மணிதான் தனக்குக் கண்டம் என்று அவரே கூறினார். ஆகவே, அந்த நான்காவது குழுவினரில் நம் பகுதியில் வசிப்போர் புதிய குழு ஒன்றைத் தொடங்க இடம் தேடியபோது, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நம் சங்கக் கட்டடத்தை அளிக்கலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். அன்று வந்திருந்த நால்வரும் ஒப்புதல் அளித்தனர். வராதவர்களே பின்னர் ஆட்சேபித்தனர்.

"சங்கச் சொத்தைக் குடிகாரர்களுக்குத் தாரை வார்த்துவிட்டார்" என்ற பேச்சுக்கு ரசீதுப் புத்தகமே பதில் கூறும். இலவசமாகத் தருவதாகத்தான் கூறினேன். வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை, தங்கள் செலவைத் தாங்களே ஏற்பது தங்கள் மரபு என்று மறுத்து, கூட்டத்தில் சுற்றிவரும் பையில் விழும் காசிலிருந்து மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை செலுத்துகிறார்கள். வருகையாளர் பெயர்ப் பதிவேடு வேண்டும் என்ற ஓர் உறுப்பினரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பெயர் வெளியே தெரியாது என்ற நம்பிக்கையில் வருபவர்களிடம் கையெழுத்துக் கேட்பது முறையாகாது. என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரம் வரவேற்பதாக எண்ணி வாசலில் நின்றேன்; என்னைக் கண்டு இருவர் திரும்பிப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போவதில்லை.

கூட்டம் இருக்கையில் மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒன்று கூற வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதலில் மருத்துவரைப் பார்ப்பதே சரி. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. அதன்மேல் டியூஷன் விளம்பரம் ஒட்டாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. கையிருப்பு கவலைப்படும் நிலையில் இல்லை. உறுப்பினர் சந்தாவில் ஏறத்தாழப் பாதி நிலுவையில் இருப்பதால், இவ்வாண்டு தவறாமல் வந்த ஒரே வருமானம், "வெள்ளிக்கிழமைக் குழு" என்று ரசீது எழுதப்படும் அந்த வாடகைதான்.

ஒத்துழைத்த தலைவருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைக்கும் காவலாளிக்கும் நன்றி. வரும் ஆண்டில் இப்பொறுப்பை வேறொருவர் ஏற்பதாக இருந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். அவர் கவனிக்க வேண்டிய பணி ஒன்று உள்ளது: குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்தையும் அதே நேரத்தில் நடத்தப் பின்னறையைக் கேட்டிருக்கிறார்கள். அவ்வறையில் ஓர் உறுப்பினரின் பழைய கட்டிலும் இரண்டு பீரோக்களும் மூன்றாண்டுகளாக இருக்கின்றன. சாவியும் அவரிடமே உள்ளது. அவர் இன்றும் வரவில்லை.