வீடு ஒத்திக்குப் போகும் முன்னால் ஒருமுறை கதவைத் தட்டுங்கள்

மதுரையைச் சுற்றி அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குடியிருப்பில் எட்டு வருடமாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பது பிள்ளைகள் மூலமாகத்தான் எனக்குத் தெரியவரும். பெரும்பாலும் காலம் கடந்துதான் தெரியவரும்.

போன தை மாதம் ஐந்தாவது படிக்கும் ஒரு பெண் பிள்ளை வருவதை நிறுத்திவிட்டாள். அவள் அம்மா பூக்கட்டுபவர். முன்பு வைகைக் கரையோரம் ஒரு சந்தில் இருந்தபோது, விடிகாலையில் வியாபாரியே உதிரிப்பூவை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். அரசு ஒதுக்கிய வீட்டுக்கு இங்கே வந்தபிறகு முதல் பஸ்ஸைப் பிடித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனால்தான் பூ. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்தது. விலை ஏறிய செய்தி பேப்பரில் வந்தது, ஆனால் முழத்துக்கு இவ்வளவு என்று கட்டுகிறவருக்குக் கட்டுவதற்குப் பூவே இல்லை. வீட்டுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய பணம் இரண்டு மாதம் நின்றது. அதை அடைக்கத் தண்டலுக்கு, அதாவது தினமும் வாசலில் வந்து வசூலிக்கும் வட்டிக் கடனாக, வாங்கினார். தண்டலை அடைக்க வீட்டையே ஒத்திக்குக் கொடுத்துவிட்டு, அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வேறொருவரைக் குடிவைத்துவிட்டு, டவுனில் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளையின் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தசமப் பின்னத்தில் பாதியில் நிற்கிறது.

ஒதுக்கீடு பெற்ற வீட்டை ஒத்திக்கு விடுவது விதிமீறல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீடு ஒத்திக்குப் போன நாளில் கைவிட்டுப் போகவில்லை, முதல் மாதப் பணம் நின்றபோதே போகத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு யாராவது வந்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டிருந்தால், தண்டல்காரர் வாசலுக்கு வந்திருக்க மாட்டார். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் பூக்கட்டுகிற அம்மா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார் என்று எதிர்பார்ப்பதைவிட, கடன் வாங்கும் முன் அவரோடு பேசுவது எளிது.

இது புது யோசனை இல்லை. லண்டனில் 1865இல் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி ஏழைகள் குடியிருந்த சில பழைய வீடுகளை எடுத்து நடத்தினார். வாரா வாரம் வாடகை வாங்கத் தானே வீடு வீடாகப் போனார். பாக்கி விஷயத்தில் கண்டிப்பானவர்தான். ஆனாலும் யார் வீட்டில் வேலை இல்லை, எந்தக் கூரை ஒழுகுகிறது என்பது அப்படிப் போய்த்தான் அவருக்குத் தெரிந்தது. ரிப்பேருக்கு என்று ஒதுக்கிய தொகையில் மிச்சமானால், அதை எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பவர்களே சொல்லலாம். வேலை இல்லாத காலத்தில் வீடுகளைச் சுத்தம் செய்யும், பழுது பார்க்கும் வேலையையும் அவர்களுக்கே கொடுத்தார். இன்றைக்கும் இங்கிலாந்தில் சமூக வீட்டு அமைப்புகள் பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போகும் முன் குடியிருப்பவரிடம் பேசி, கட்டக்கூடிய தவணைக்கு வழி தேட வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது.

நம் ஊரில் வேலை இல்லாத காலம் எது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. சமையலுக்குப் போகிறவர், மேளக்காரர், பந்தல் போடுகிறவர், பூக்கட்டுபவர் எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் காசு இருக்காது. ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவு வேறு. அந்த மாதங்களில் குறைவாகவும், ஆவணியிலும் தையிலும் கூடுதலாகவும் கட்டும்படி தவணையை மாற்றக் கூடாதா? வருடக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாது. மாடிப்படிக்கு வெள்ளையடிப்பது, தொட்டி கழுவுவது போன்ற வேலைகளை ஆடியில் வைத்துக் குடியிருப்பவர்களுக்கே கொடுக்கலாம். குடியிருப்போர் நலச்சங்கம் வசூலிக்கிற பராமரிப்புப் பணத்துக்குச் சமமாக அரசும் பங்கு தருகிற ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் இதற்குக் கைகொடுக்கும். நல்ல திட்டம் அது.

இன்னொன்று, குலுக்கல். வீடு ஒதுக்குவதில் பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதற்காகக் குலுக்குகிறீர்கள், அது நியாயம்தான். ஆனால் ஒரே சந்தில் இருபது வருடம் இருந்தவர்கள் வேறு வேறு பிளாக்கில், வேறு வேறு மாடியில் போய் விழுகிறார்கள். நான் சொன்ன அந்த அம்மாவுக்குப் பழைய சந்தில் எதிர்வீட்டு ஆச்சி இருந்தார். பூ விற்கப் போகையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான், அவசரத்துக்கு ஐந்நூறு கைமாற்றுத் தந்ததும் அவர்தான். இங்கே ஆச்சிக்குக் கடைசி பிளாக்கில் வீடு விழுந்தது. முழங்கால் வலியோடு அவர் இரண்டு மாடி ஏறி வர முடியவில்லை. அந்த அம்மாவுக்கோ பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. கைமாற்று போய்த் தண்டல் வந்தது இப்படித்தான். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே சீட்டில் பெயர் எழுதிப் போட்டு, பக்கத்துப் பக்கத்து வீடாக வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள். குலுக்கல் குலுக்கலாகவே இருக்கும். வீட்டோடு அக்கம்பக்கமும் கிடைக்கும்.

ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரே ஆளை நியமியுங்கள். மாதம் தவறாமல் அவரே வரட்டும், நாலு வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்கட்டும். முதல் மாதம் பணம் நின்றால் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பு அவர் போய்ப் பேசட்டும். சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசிப்பீர்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் வசூலாகாத பாக்கிக்கும் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

அவரை மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பகலில் வந்தால் கதவு பூட்டித்தான் இருக்கும், எல்லாரும் டவுனுக்கு வேலைக்குப் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பில் டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியை