கூடுதல் விலை தருகிறோம், எதற்கென்று சொல்லுங்கள்

உள்நாட்டில் வேளாண் கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் கருவியின் விலை கூடுதல் என்று தெரிந்தே அதை வாங்கும் விவசாயிகளில் நானும் ஒருவன். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் கத்தி, பேரிங், எண்ணெய் கசியாமல் காக்கும் ஆயில் சீல், அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ் என எதை எடுத்தாலும், வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான பாகம் உங்கள் பாகத்துக்குப் பக்கத்திலேயே கடையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு உங்களுடையதை எடுக்கிறோம். நம் நாட்டுத் தொழில் நிலைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டு. ஆனால் அந்த எண்ணத்தை மட்டும் நம்பி நீங்கள் எத்தனை நாள் விற்க முடியும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

கூடுதலாக ஒரு தொகை தரும்போது அதற்கு என்ன கிடைக்கிறது என்று தெரிய வேண்டும். அதை நீங்கள் எங்களுக்குச் சொல்வதில்லை. சொல்வதற்கு உங்களிடம் நிறைய இருந்தும் சொல்வதில்லை என்பதுதான் என் மனக்குறை.

ரோட்டவேட்டர் கத்தியையே எடுத்துக்கொள்கிறேன். நல்ல கத்தி பெரும்பாலும் போரான் எஃகில் செய்யப்படுகிறது. எஃகில் போரான் சேர்வது லட்சத்தில் சில பங்குதான். அந்தச் சிட்டிகை இருப்பதால், எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கும்போது கடினம் மேல்தோலோடு நிற்காமல் உள்ளே ஆழம் வரை இறங்குகிறது. அதோடு வேலை முடிவதில்லை. மறுபடியும் அளவாகச் சூடேற்றி டெம்பர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கத்தி கண்ணாடிபோல ஆகி, முதல் கல்லில் பட்டதும் ஒடியும். சரியான எஃகைப் போடாமல் வளைத்து வர்ணம் மட்டும் பூசினால் அது ஒடியாது, ஆனால் மண்ணிலேயே தேய்ந்து போகும். இந்த மூன்று கத்திகளையும் ஒரே வர்ணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த விவசாயியாலும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் நடப்பது எங்கள் வயலில். கத்திகள் ஒரே சீராகத் தேயாமல் ஒரு பக்கம் மட்டும் கரைந்தால், அவை பூட்டிய சுழலும் ரோட்டரின் சமநிலை போகிறது. அதிர்வு கூடுகிறது. அதிர்வு பேரிங்கைத் தின்கிறது. பேரிங் ஆடத் தொடங்கியதும் தண்டும் ஆடுகிறது, ஆயில் சீலின் விளிம்பு கிழிகிறது, எண்ணெய் கசிகிறது. கசிந்த வழியாகவே மண் உள்ளே போகிறது. கவனிக்காமல் விட்டால் கியர் பற்களே போய்விடும். கத்தியில் மிச்சம் பிடித்த காசு கியர் பாக்ஸில் போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு நாள்தான். மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்தச் சில நாட்களில் கருவி பட்டறையில் கிடந்தால், அந்த ஈரத்தை எந்த விலை கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

இவ்வளவையும் தடுப்பது நல்ல எஃகும் ஒழுங்கான பதமும். அதற்குச் செலவாகிறது, அதனால்தான் விலை கூடுதல் என்றால் எங்களுக்குப் புரியும். ஆனால் உங்கள் கத்தியில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது. எந்த வகை எஃகு, விளிம்பின் கடினம் எவ்வளவு, கருவியில் பூட்டும் காம்பின் கடினம் எவ்வளவு, எந்த மாதம் எந்தத் தொகுதியில் பதப்படுத்தியது, இதில் ஒன்றையும் காணோம். ஒரு சாதாரண போல்ட் இந்த விஷயத்தில் உங்களைவிட நேர்மையாக இருக்கிறது. தரமான போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், இழுவிசைக்கு அது 800 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாங்கும், அதில் எண்பது சதவீதமான 640 வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். 10.9 என்றால் 1000, 900. ஐ.எஸ்.ஓ. 898-1 என்ற தரவிதி சொல்வது இது. செய்தவரின் குறியும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு போல்ட்டால் இவ்வளவு சொல்ல முடிகிறதென்றால் உங்கள் கத்தியால் ஏன் முடியாது?

வெளிநாட்டுப் பாகம் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. மிக நல்ல பேரிங்குகள் எல்லை தாண்டித்தான் பல நாடுகளுக்கும் போகின்றன. மலிவான இறக்குமதியில் எனக்குள்ள பிரச்சினை வேறு. இந்த முறை வந்த சரக்கு நன்றாக இருந்தால் அடுத்த முறையும் அதே சரக்குதான் வரும் என்று சொல்ல ஆளில்லை. இறக்குமதி செய்பவர் இடையில் ஆலையை மாற்றியிருக்கலாம். பெட்டி அதேதான், எண்ணும் அதேதான், உள்ளே இருப்பது வேறு. ஒடிந்த பாகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் கையை விரிக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் கேட்பதற்கு யாரும் இல்லை. உங்களிடம் நாங்கள் கூடுதல் விலை தருவது முக்கியமாக இதற்குத்தான்: ஒடிந்தால் கேட்க ஒரு ஆலை இருக்கிறது, அந்த ஆலைக்கு ஒரு முகவரி இருக்கிறது, எங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது.

அதனால்தான் அடுத்துச் சொல்லப் போவது அதிகமாக வலிக்கிறது. உங்களில் சிலர் அதே மலிவான பாகத்தை வாங்கி, உங்கள் வர்ணம் அடித்து, உங்கள் பெட்டியில் போட்டு, உங்கள் விலையில் விற்கிறீர்கள். வெளியிலிருந்து பாகம் வாங்குவது தவறில்லை. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்ய எந்த ஆலையாலும் முடியாது, சிறிய பட்டறைகளால் நிச்சயம் முடியாது. மறைப்பதுதான் தவறு. அமெரிக்காவில் எந்த விளக்கமும் இல்லாமல் தங்கள் நாட்டில் தயாரித்தது என்று ஒரு பொருளில் எழுத வேண்டுமானால், அதன் எல்லாப் பாகமும் அல்லது ஏறத்தாழ எல்லாப் பாகமும் அங்கேயே செய்ததாக இருக்க வேண்டும். அவர்களுடைய வணிக ஆணையம் 2021இல் இதைத் தண்டத் தொகை விதிக்கக்கூடிய விதியாகவே ஆக்கிவிட்டது. அவ்வளவு கறார் தேவையா என்பது வேறு விவாதம். எனக்குத் தேவை ஒரு பட்டியல்: வார்ப்பு எங்கே, கியர் எங்கே, பேரிங் எங்கே, சீல் எங்கே, பூட்டியது எங்கே. கருவியோடு வரும் கையேட்டில் ஒரு பக்கம் போதும்.

கையேடு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒரு கருவியில் பேரிங் போனபோது, அந்த நிறுவனம் பேரிங்கைத் தனியாகத் தராது, தண்டோடு சேர்ந்த மொத்தத் தொகுப்பைத்தான் வாங்க வேண்டும் என்று சொன்னது. கழற்றித் துடைத்துப் பார்த்தால் பேரிங்கின் மேல் 6206 என்று இருந்தது. உட்துளை 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, அகலம் 16. உலகம் முழுவதும் எந்த நிறுவனம் செய்தாலும் இதே அளவுதான். ஆனால் உதிரிபாகப் பட்டியலில் அதற்கு அந்த நிறுவனம் தன் சொந்த எண் ஒன்றைக் கொடுத்து, உண்மையான எண்ணை எழுதாமல் விட்டிருந்தது. இப்படிச் செய்தால் விவசாயி உங்களிடமே வருவான் என்று நினைக்கிறீர்கள். அவன் போவது மலிவான பாகம் விற்கிற இடத்துக்கு, அதுவும் கோபத்தோடு.

வேளாண் கருவிகள் இவ்வளவு தூரம் பரவியதே பொது அளவுகளால்தான். 1939இல் வந்த ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரால் பரவிய மூன்று புள்ளி இணைப்பு, அதாவது கருவியை டிராக்டரின் பின்னால் பூட்டும் முறை, இன்று எல்லோருக்கும் பொது. நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும், 6 பற்கள் கொண்ட பி.டி.ஓ. தண்டும், அதாவது டிராக்டரின் எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டும், அப்படித்தான். ஒருவர் டிராக்டரில் இன்னொருவர் கலப்பையைப் பூட்ட முடிவதால்தான் சிறிய பட்டறைகளுக்கும் சந்தை கிடைத்தது, உங்களில் பலர் அப்படி வளர்ந்தவர்கள். வளர்ந்த பிறகு கதவைச் சாத்தாதீர்கள்.

சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஜான் டியர் அமெரிக்க விவசாயிகள் பெருமையோடு வாங்கிய சொந்த நாட்டுப் பெயர். பழுது பார்ப்பதற்கான மென்பொருளை டீலர்களிடம் மட்டும் வைத்துக்கொண்டதால் அந்த விவசாயிகளே அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். 2023இல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அந்த நாட்டு வணிக ஆணையமே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சொந்த நாட்டு நிறுவனம் என்ற பாசம் பூட்டுப் போட்ட கருவியின் முன்னால் நிற்கவில்லை.

மலிவான பாகத்தால் வரும் ஆபத்தைப் பற்றி நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும், அதையும் செய்வதில்லை. அதிகச் சுமை வந்தால் முதலில் தான் அறுந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதற்கென்றே ஷியர் போல்ட் இருக்கிறது. அடிக்கடி அறுகிறதே என்று அதைவிட வலுவான போல்ட்டைப் போட்டுவிடுகிறோம். விளைவு, போல்ட் நிற்கிறது, கியர் போகிறது. அந்த இடத்தில் எந்தத் தர எண் போட வேண்டும் என்று கருவியின் மேலேயே பொறித்திருந்தால் இது நடக்காது. ஹைட்ராலிக் ஹோஸும் அப்படித்தான். வேலை அழுத்தத்தைப்போல நான்கு மடங்கு அழுத்தம் வந்தால்தான் வெடிக்கும் அளவுக்கு ஒழுங்கான ஹோஸ் இருக்க வேண்டும். குறியில்லாத ஹோஸில் அந்த இடைவெளி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அழுத்தத்தில் உள்ள எண்ணெய் ஊசிபோலப் பீறிட்டுத் தோலுக்குள் புகுந்தால் அது அறுவைச் சிகிச்சையில் போய் முடியும். வெறும் விலை விவகாரம் இல்லை இது.

இறக்குமதி வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரியை உயர்த்தச் சொல்லி அரசிடம் போகும்போது விவசாயிகளின் நன்மைக்காகக் கேட்கிறோம் என்று சொல்லாதீர்கள். வரி ஏறினால் மலிவான பாகத்தின் விலை ஏறும், உங்கள் பாகத்தின் தரம் ஏறாது. போட்டி குறைந்ததும் உங்கள் விலையும் சேர்ந்து ஏறினால் இரண்டு பக்கமும் கொடுப்பவர்கள் நாங்கள். தரமில்லாத, குறியில்லாத, போலி முத்திரை குத்திய பாகங்களைத் தடுக்கச் சொல்லுங்கள், நாங்களும் கூட வருகிறோம். அந்தச் சோதனை உங்கள் பாகங்களுக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, சுருக்கமாக. ஒரு கருவியின் தயாரிப்பை நிறுத்திய பிறகு அதற்கான பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று விற்கும்போதே எழுதிக் கொடுங்கள். ரசீதிலேயே எழுதுங்கள். கலப்பையும் ரோட்டவேட்டரும் கடன் வாங்கி வாங்குகிற பொருட்கள். கடன் முடிவதற்குள் பாகம் கிடைக்காமல் போனால் அந்தக் கருவி இரும்புக் கடைக்குத்தான் போகும்.

இந்த மடலுக்குப் பதில் எழுத நினைப்பவர்கள் விளக்கம் எழுதி நேரத்தைச் செலவிட வேண்டாம். உங்கள் கருவி ஒன்றின் உதிரிபாகப் பட்டியலை, ஒவ்வொரு பாகமும் செய்த இடம், பொதுத் தர எண், கடினம், தனியாக வாங்கினால் என்ன விலை என்ற விவரங்களோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அடுத்த பருவத்துக்குக் கருவி வாங்குவதற்கு முன் நாங்கள் படிப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் கருவியை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு விவசாயி