ஜூன் 1இல் பிறந்தவர்கள்

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். இங்கே மழை விட்டும் விடாமலும் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றிக் கேட்காதே. பறிகூலிக்கே கட்டவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் கொழுந்தை முற்ற விட்டுவிட்டார். போன வாரம் ஒரு கரடி சத்துணவுக்கூடத்துக் கதவை உடைத்து, எண்ணெயைக் குடித்துவிட்டுப் பருப்பு மூட்டையையும் கிழித்துப் போட்டிருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் இதை எப்படி எழுதுவது என்று அமைப்பாளர் பெண் என்னிடம் வந்து கேட்கிறாள். ஓய்வு பெற்றும் இந்த வேலை என்னை விடவில்லை.

சரி, என் டீச்சர் வாழ்க்கையை நினைவுக்குறிப்பாக எழுதுவதா, நாவலாக எழுதுவதா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். "பேரையெல்லாம் மாற்றிப்போட்டு நாவல் என்று சொல்லிவிடு, ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இந்த மலையைத் தெரியாது. தேயிலைத் தோட்டம், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வரிசைவீடுகள், அங்கே ஒரு பள்ளிக்கூடம், ஒற்றை டீச்சர் என்று இரண்டு வரி எழுதினாலே சேரம்பாடியிலிருந்து கோத்தகிரி வரைக்கும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பேரை மாற்றி இங்கே ஒன்றையும் மறைக்க முடியாது.

எனக்குக் கற்பனை வருமா என்றும் கேட்கிறாய். அடிப் பைத்தியமே, வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூனிலேயே நாம் இரண்டு பேரும் கற்பனை எழுத ஆரம்பித்துவிட்டோமே, சேர்க்கைப் பதிவேட்டில்! "பெரிய மழை பேஞ்சுச்சே, அந்த வருஷம் பிறந்தான் டீச்சர்" என்பாள் தாய். ஐந்து வயது முடிகிற மாதிரி கணக்குப் பார்த்து ஜூன் 1 என்று எழுதுவோம். பாதி வகுப்புக்கு ஒரே நாளில் பிறந்தநாள். அந்தத் தேதியை வைத்துத்தான் அவர்கள் ஓட்டுரிமை வாங்கினார்கள், ஆதார் வாங்கினார்கள். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் நிரந்தரமானவர்கள் அதே தேதிப்படி ஓய்வும் பெறப்போகிறார்கள். எந்த நாவலாசிரியரின் கற்பனைக்கு இவ்வளவு செல்வாக்கு உண்டு, சொல்?

அந்தத் தாய்மார்கள் வந்த வழியை மட்டும் கற்பனையில் கரைக்க எனக்கு மனசில்லை. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக 1964 ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டன. அப்போது முடிவாகாமல் மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கப்பலில் ராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து இந்தக் குளிர். அங்கே கொழுந்து எடுத்த கை இங்கேயும் கொழுந்துதான் எடுத்தது. இதை நாவலில் வைத்தால் யாரோ இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்வதாக வைக்கவேண்டும், செயற்கையாக இருக்கும். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நம்மைப் போன்ற ஆசிரியர்கள் எழுதுகிற நினைவுக்குறிப்புகளையும் நிறையப் படித்துவிட்டேன். பாதிக்குமேல் பணிப்பதிவேடுதான். எந்த ஊருக்கு மாறுதல், எந்த அதிகாரி பாராட்டினார், விருது வாங்கும்போது பக்கத்தில் நின்றது யார். பிள்ளைகள் கடைசி வரிசையில்கூட இல்லை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இன்றைக்கும் ஏன் படிக்க முடிகிறது? கும்பகோணம் கல்லூரியில் அத்தனை வருடம் பாடம் சொன்னவர், புத்தகத்தில் மாணவராக இருந்த காலத்தை எழுதும்போதுதான் உயிரைக் கொட்டுகிறார். தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பக்கத்தில் ஏட்டுச்சுவடியும் கையுமாக உட்கார்ந்திருக்கிற பையனைத்தான் நாம் பார்க்கிறோம். சரித்திரமும் முடியாமல் பாதியில் நின்றுபோனது, அதனால் ஒன்றும் குறையவில்லை.

எனக்கு உள்ள சிக்கல் வேறு. எனக்குத் தெரிந்ததெல்லாம் காலை மணிக்கும் சாயங்கால மணிக்கும் நடுவில் இருந்த பிள்ளைகள். மணி அடித்ததும் மஞ்சு மூடின பாதையில் இறங்கிப் போய்விடுவார்கள். லயத்துக்குள்ளே என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் அடிவாங்கினார்கள் என்று நான் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்ததை நினைவுக்குறிப்பாக எழுதலாம். மணி அடித்த பிறகு நடந்ததை எழுதவேண்டுமானால் நாவல்தான் வழி.

அஞ்சாம் வகுப்பில் நின்றுபோன அந்தப் பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்தினார்கள். கணக்கில் என்னையே மடக்குவாள். பிறகு அவளே சத்துணவு உதவியாளராக வந்து சேர்ந்தாள். அவளைப் பற்றி எழுதலாமா என்று நேரில் போய்க் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே, "எழுதுங்க டீச்சர். ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க. அழல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கைப்பிரதியில் அவள் அழுகிற பக்கம்தான் ரொம்ப நன்றாக வந்திருந்தது! அன்று ராத்திரியே கிழித்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் அவள் மூக்கொழுகும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே நான் போடுகிற கணக்குக்கு விடை சொல்கிறாள். இது நடந்ததா என்று கேட்காதே, நாவல்.

ஆக இரண்டு புத்தகம். என்னையும், ஆணைகளையும், அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய 2003 வேலைநிறுத்தத்தையும் நினைவுக்குறிப்பில் போடுகிறேன். ஒரே மூச்சில் ஏறத்தாழ 1.70 லட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பினார்களே, அதை மறைத்து எழுத எனக்கு எந்த அவசியமும் இல்லை. திரும்பச் சேர்வதற்கு எழுதிக் கொடுத்தோமே வருத்தக் கடிதம், அதன் நகல் உன்னிடம் இருக்கும். நீ எதையும் தூக்கிப்போடுகிறவள் இல்லை. பீரோவில் தேடு. வாசகம் எனக்கு அப்படியே வேண்டும்.

தட்டச்சு பண்ண பேரன் ஒப்புக்கொண்டிருக்கிறான், பக்கத்துக்குக் கூலி பேசுகிறான். முதல் மூன்று அத்தியாயம் தயாரானதும் தபாலில் வரும். தயவுசெய்து சிவப்பு மையில் திருத்தாதே. மே மாதம் காய்கறிக் கண்காட்சிக் கூட்டம் தாங்காது, அதற்கு முன்னாலேயே வந்துவிடு. காரில் வருவதானால் இ-பாஸ் எடுக்கச் சொல்லு. பஸ்ஸென்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது ஒரு போன் போடு.

உன்,
கமலா